பன்னிரண்டு மணி நேரம்

இரண்டு மாதம் சூரியனே இல்லை இங்கே.
எனக்கு அது வசதியாக இருந்தது.
ஹம்மர்ஃபெஸ்டில் இதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது;
இன்றைக்கு ஊரே குன்றின்மேல் ஏறி நிற்கிறது,
ஜனவரியின் முதல் வெளிச்சத்துக்காக.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இனிப்பு பன்.
மிக்கெலும் போயிருக்கிறான், கழுத்தில் கேமராவோடு.
நான் திரைச்சீலையின் ஓரங்களைத்
துணி கிளிப்பால் கடிக்க வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

முதலில் ராவ்னாவின் காது மடலில்தான் தொடங்கியது:
ரம்பப் பல்லாய் ஒரு மினுமினுப்பு.
பிறகு அவள் இடது கண் காணாமல் போனது,
பிறகு பாதி மூக்கு.
மூன்று மாதக் குழந்தை, பாதி முகத்தோடு
என்னைப் பார்த்துச் சிரித்தது.
நானும் சிரித்தேன், மிச்சமிருந்த பாதியிடம்.
இன்னும் இருபது நிமிடம். அப்புறம் அந்த ஆணி.

மாத்திரை அலமாரியில் இருக்கிறது.
கர்ப்பத்துக்கு முன்னால் யோசிக்காமல் விழுங்கியதுதான்.
இப்போது பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள்,
எறும்பு எழுத்தில்:
விழுங்கிய பின் பன்னிரண்டு மணி நேரம்
பால் கொடுக்காதீர்கள்.
ராவ்னா இரண்டரை மணிக்கு ஒருமுறை குடிப்பவள்.
தலை இப்படி இருக்கையில் கணக்கு வராது;
விரலை மடக்கினேன். ஐந்து வேளை.
உறைபெட்டியில் ஒரே ஒரு பை, தொண்ணூறு மில்லி,
மீன் துண்டங்களுக்கு நடுவே.

டிசம்பரில் இந்தத் தாளுக்குக் கீழ்ப்படிந்தேன்.
பால் கட்டி, மார்பு கல்லாகி,
பீய்ச்சிப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினேன்.
எவர்சில்வர் தொட்டியில் பால் எப்படி ஓடும் தெரியுமா,
வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல்.
அடுத்த அறையில் புட்டியைத் தள்ளித் தள்ளி
அவள் அழுதுகொண்டிருந்தாள்.
அதற்கடுத்த முறை மாத்திரையே வேண்டாமென்று
குளியலறைத் தரையில் ஒன்றரை நாள் கிடந்தேன்.
மிக்கெலின் அத்தை தன் இழுப்பறையைத் துழாவி
ஏதோ பழைய எர்காட் மாத்திரை கொடுத்தனுப்பினாள்,
"எங்களுக்கெல்லாம் இதுதான்" என்று.

இன்று மருந்துக்கடைக்குப் போன் செய்தேன்.
எடுத்தவள் பெயர் ஓட்ஹில்ட்.
அவளும் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்திருப்பாள்,
குரலில் அரைக் கவனம்;
கேள்வியைச் சொன்னதும் அது முழுசானது.
எத்தனை வாரத்தில் பிறந்தாள்? எடை ஏறுகிறதா?
உங்கள் இரத்த அழுத்தம்? வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?
மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.
சு-மா-ட்ரிப்-டான்.
ஒவ்வொரு அசையும் கண்ணுக்குப் பின்னால் இடித்தது.

"தாள் எல்லாருக்கும் பொதுவாக, பயந்து எழுதியது," என்றாள்.
"பாலில் இறங்குவது துளியூண்டு. அதிலும்
குழந்தையின் குடல் எடுத்துக்கொள்வது இன்னும் கொஞ்சம்.
நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கிற பிள்ளை;
காத்திருக்கத் தேவையில்லை. மனசு கேட்காவிட்டால்
முதலில் பால் கொடுங்கள், அப்புறம் விழுங்குங்கள்.
அடிக்கடி தேவைப்பட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்.
அந்த அத்தை மாத்திரை மட்டும் வேண்டாம்.
இங்கே கொண்டுவாருங்கள், நாங்கள் அழித்துவிடுகிறோம்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.
"அப்போ டிசம்பரில் ஊற்றியது?" என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
எங்கோ கைதட்டினார்கள்,
அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
"ஊற்றியிருக்க வேண்டாம்."

ஒற்றைத் தலைவலியாம். எதில் ஒற்றை?
இடிப்பது ஒரு நெற்றிப்பொட்டில்,
கிடப்பது இரண்டு பேர்.
ராவ்னாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.
இருட்டிலும் அவள் வாய்க்கு வழி தெரியும்.
அவள் குடித்து, பிடி தளர்ந்து, வாய் நழுவியதும்
அவள் தலைக்கு மேலாகக் கை நீட்டி
மாத்திரையை வாயில் போட்டேன்.
தண்ணீர் வைத்துக்கொள்ள மறந்துவிட்டது.
கசப்பு நாக்கிலேயே நின்றது.

மிக்கெல் வந்தபோது வலி போய்விடவில்லை,
ஒரு மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தது.
அவன் கையுறையில் பனி, பன்னில் சர்க்கரைத்தூள்.
"நாலு நிமிடம். அப்புறம் மேகம்."
கேமராவை நீட்டினான்; பிறகு பார்க்கிறேன் என்றேன்.
ராவ்னா தூங்குகிறாள்.
இரண்டு கண்ணும் இருக்கின்றன, மூடியபடி.

தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.
யாரோ அதைத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.
அதன் பளபளப்பு கண்ணைக் கூசியது;
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம்
சும்மா நின்றேன்.